வீட்டிலிருந்து வரும் நோய், வீட்டுக்குப் போகும் நோய்: விடுப்பு விதிகளில் நூற்றாண்டாகத் தொடரும் ஒரு விடுபடல்

1898 மார்ச் 9ஆம் நாள் பம்பாயின் மதன்புரா பகுதியில் ஒரு வீட்டு வாசலில் பிளேக் சோதனைக் குழு வந்து நின்றது. முஸ்லிம் நெசவாளர்கள் செறிந்து வாழ்ந்த பகுதி அது. உள்ளே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி நோயுற்றுக் கிடந்தாள். அவளைப் பிளேக் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றது குழு. அனுப்ப மாட்டோம் என்றனர் வீட்டார். தெரு திரண்டது. கல்வீச்சு நிகழ்ந்தது, துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்கள் போயின.

இந்நிகழ்வை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் காலனி ஆட்சியின் மருத்துவத்துக்கு எதிரான மக்கள் எதிர்ப்பாகவே படித்திருக்கிறார்கள். அந்தப் படிப்பு சரியானதே. சாதி, சமயம், பெண்களின் மறைவு, அயலார் கை படுதல் ஆகிய எல்லாமே அந்த எதிர்ப்பில் இருந்தன. எனினும் அந்த வாசலில் எழுந்த இன்னொரு கேள்வி அதிகம் பேசப்படவில்லை. நோயுற்றவர் வீட்டிலேயே இருப்பதென்றால் அவரோடு யார் இருப்பது? அப்படி இருப்பவரின் வேலையும் கூலியும் என்னாகும்? கொள்ளைநோய்க் காலத்தில் குடும்பத்தில் நலிந்த ஒருவரைக் காக்க வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமை என்று இன்று நாம் பேசும் பொருளுக்கு இந்தியாவில் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முன்கதை இருக்கிறது. அதைச் சட்டங்களின் சொற்களிலிருந்தே ஓரளவு மீட்டெடுக்கலாம்.

பம்பாயில் பிளேக் நோயை முதன்முதலில் இனங்கண்டவர் மருத்துவர் அகாசியோ காப்ரியேல் வியேகஸ். 1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் அது நிகழ்ந்தது. அடுத்த மாத இறுதியில், ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கினர். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரத்திலிருந்து 1897 பிப்ரவரிக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறிவிட்டிருந்தனர். கொங்கணக் கடற்கரைக்கும் தக்காணத்துக்குமான படகுகளும் இரயில்களும் குடும்பம் குடும்பமாக மக்களை ஏற்றிச் சென்றன.

இதனை நூல்கள் ‘வெளியேற்றம்’ என்று குறிக்கின்றன. தொழில் உறவின் கண்கொண்டு பார்த்தால், பல்லாயிரம் தொழிலாளர்கள் யாரிடமும் கேட்காமல் தாமே எடுத்துக்கொண்ட விடுப்பு அது. அந்த விடுப்புக்கு விலை இருந்தது. பம்பாய் ஆலைகளில் மாதக் கூலி சில வாரங்கள் பிந்தியே கொடுக்கப்பட்டது. சொல்லாமல் போகிறவர் நிலுவையை இழக்க நேரிடும். ஒரு நாள் வராதவருக்கு இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் ‘டபுள் காடா’ என்ற வழக்கமும் மேற்கிந்திய ஆலைகளில் நெடுங்காலம் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் இருந்தவர், வேலை செய்யாத அந்த ஒரு நாளுக்கும், வேலை செய்த இன்னொரு நாளுக்கும் சேர்த்துக் கூலியை இழந்தார். இத்தகைய பிடித்தங்களுக்கு வரம்பு கட்டியது 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம்தான். வராத நாட்களின் விகிதத்துக்கு மேல் கூலியைப் பிடிக்கலாகாது என்று அது பொதுவிதி வகுத்தது.

இவ்வளவு இழப்பையும் அறிந்தே பம்பாய்த் தொழிலாளர்கள் வெளியேறினர். ஆலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. எஞ்சியிருந்தவர்களைத் தெருமுனைகளில் போட்டி போட்டுக்கொண்டு அதிகக் கூலி பேசி அழைத்துச் செல்லும் நிலை வந்தது. அன்றன்றே கூலி தர வேண்டும் என்ற கோரிக்கைக்கும் ஆலை முதலாளிகள் இணங்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் உயிரோடு இருப்போமா என்று அறியாதவருக்கு மாதக் கூலி பொருளற்றது.

அரசு இதற்கு என்ன விடை வைத்திருந்தது? 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்கள் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். அரசு தேவையெனக் கருதும் எந்த விதியையும் வகுக்கலாம், பயணிகளைச் சோதிக்கலாம், நோய் இருப்பதாக ஐயுறப்படுவோரை மருத்துவமனையிலோ வேறிடத்திலோ பிரித்து வைக்கலாம், விதியை மீறுவோரைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அலுவலர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. அச்சட்டத்தின் பார்வையில் வீடு என்பது நோய் ஒளிந்திருக்கும் இடம். அங்கு நோயாளியைப் பேணும் ஒருவரும் இருக்கிறார், அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையிலிருந்து அவர் சில நாள் விலகியிருக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

இருபது ஆண்டு கழித்து, முதலாளிகள் தரப்பிலிருந்து வேறொரு விடை வந்தது. 1917இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியது. தொழிலாளர்கள் குடும்பத்துடன் ஊரைவிட்டுப் போகத் தொடங்கினர். போர்க் காலத்துத் துணித் தேவையால் நல்ல இலாபம் கண்டுகொண்டிருந்த ஆலைகள் அவர்களை நிறுத்திவைக்க ‘பிளேக் போனஸ்’ என்ற மேற்கூலியைக் கொடுத்தன. சிலருக்கு அது வழக்கமான கூலியில் 70, 80 விழுக்காடு வரைகூட இருந்தது. பிளேக் தணிந்ததும் 1918 தொடக்கத்தில் ஆலைகள் அதனை நிறுத்த முற்பட்டன. விலைவாசியோ ஏறிய நிலையிலேயே இருந்தது. அந்தப் பூசலே காந்தியும் அனசூயா சாராபாயும் முன்னின்று நடத்திய அகமதாபாத் ஆலைப் போராட்டமாக வளர்ந்தது. எதிர்த்தரப்பில் ஆலை முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் அனசூயாவின் உடன்பிறந்தவரான அம்பாலால் சாராபாய். பிப்ரவரி 22 அன்று கதவடைப்பு. மார்ச் 15 அன்று காந்தியின் உண்ணாநோன்பு. மார்ச் 18 அன்று உடன்பாடு. பின்னர் நடுவர் தீர்ப்பில் 35 விழுக்காடு உயர்வு. இவை பாடநூல்களிலும் உள்ள செய்திகள்.

அந்தப் போராட்டம் எதிலிருந்து தொடங்கியது என்பதே இங்குப் பொருட்படுத்த வேண்டியது. பிளேக் போனஸ், விடுப்புக்கு நேர் எதிரானது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகாதிருப்பதற்கு, அல்லது குடும்பத்தை அனுப்பிவிட்டுத் தனியே தங்கியிருப்பதற்குக் கொடுக்கப்பட்ட விலை அது. தொழிலாளியின் இடர் மட்டும் அந்த விலைக்குள் அடங்கவில்லை. அவர் வீட்டிலிருந்த கிழவியின் இடரும் குழந்தையின் இடரும் அடங்கியிருந்தன. ஆனால் நோய் தணிந்ததும் விலை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே 1918இன் இன்ஃபுளுவென்சா வந்தது. அது இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதாக மதிப்பீடுகள் கூறுகின்றன.

விடுப்பு என்ற பெயரிலேயே ஓர் ஏற்பாடு பிறந்தது அரசு ஊழியருக்கு மட்டும்தான். 1922 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளையொட்டி அமைந்த விதித் தொகுப்புகளில் ‘குவாரண்டைன் லீவு’ என்ற ஒரு வகை இடம்பெற்றது. தமிழில் அதனைத் தொற்றுத்தடை விடுப்பு எனலாம். ஊழியரின் குடும்பத்திலோ வீட்டிலோ தொற்றுநோய் இருப்பதன் காரணமாக, அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்ற ஆணையால் நேரும் பணி விலகல் என்பது அதன் வரையறை. மருத்துவ அலுவலர் அல்லது பொதுச் சுகாதார அலுவலரின் சான்றின்பேரில் அலுவலகத் தலைவர் அதனை வழங்கலாம். 21 நாள் வரை, விதிவிலக்கான நிலையில் 30 நாள் வரை. பெரியம்மை, காலரா, பிளேக் முதலியன அதற்குரிய நோய்கள். அந்த நாட்களில் ஊழியர் பணிக்கு வராதவராகக் கருதப்படமாட்டார், ஊதியம் தடைபடாது.

இந்த வரையறையைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் ஊழியர் விடுப்புக் கேட்கவில்லை. அலுவலகம் அவரை வரவேண்டாம் என்கிறது. காரணமாகச் சுட்டப்படுவது வீட்டில் நோய் இருப்பது. நோயாளிக்குத் துணை தேவை என்பது எங்கும் சொல்லப்படவில்லை. ஊழியர் தாமே அந்நோய்க்கு ஆளானால் இந்த விடுப்பு கிடையாது. வேறு வகை விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே விதியின் நோக்கம் தெளிவு. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நோய் வந்துவிடக் கூடாது. காக்கப்படுவது அலுவலகம், நோய்க்கு ஊற்றாகக் கருதப்படுவது குடும்பம். 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வைதான் இங்கும் தொடர்கிறது, சற்றுக் கனிந்த வடிவில்.

எனினும் இந்த விதியைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. நோக்கம் எதுவாயினும் பயன் வீட்டுக்கும் கிடைத்தது. பெரியம்மை கண்ட குழந்தையின் பக்கத்தில் ஓர் எழுத்தரால் மூன்று வாரம் கூலி இழப்பின்றி இருக்க முடிந்தது. அதனினும் முக்கியமாக, இவ்விதி ஒரு நெறியை ஒப்புக்கொண்டது. பொது நலனுக்காக ஒருவர் வேலையிலிருந்து விலகி நிற்க நேர்ந்தால் அதன் செலவு அவர் தலையில் விழக் கூடாது. அவருடைய விடுப்புக் கணக்கிலும் கழிக்கக் கூடாது. ஆலைத் தொழிலாளிக்கும் துறைமுகக் கூலியாளுக்கும் இந்த நெறி நீட்டிக்கப்படவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே பெரியம்மைதான் இருந்தது.

விடுதலைக்குப் பிறகு அந்த வாய்ப்பு வந்தது. 1948இல் இரண்டு பெரிய சட்டங்கள் நிறைவேறின. தொழிற்சாலைகள் சட்டம் ஆண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஊதியத்துடன் விடுப்பு அளித்தது. பேராசிரியர் பி. பி. அடார்க்கரின் 1944ஆம் ஆண்டு அறிக்கையின் அடித்தளத்தில் எழுந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்குப் பண உதவிக்கு வழிசெய்தது. அத்திட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு என்பது அண்மைக்கால அளவு. மருத்துவ வசதி தொழிலாளியின் குடும்பத்துக்கும் உண்டு.

இங்கேதான் அந்த விடுபடல் வெளிப்படையாகத் தெரிகிறது. குடும்பத்தார் நோயுற்றால் மருந்து உண்டு, படுக்கை உண்டு. படுக்கையின் அருகில் இருப்பவருக்குப் பண உதவி இல்லை. நோய்க்காலப் பண உதவி பெற நோயாளி தொழிலாளியே ஆக வேண்டும். தாய்க்காகவோ பிள்ளைக்காகவோ வேலைக்கு வராதவர் ஈட்டிய விடுப்பைச் செலவழிக்க வேண்டும். அது தீர்ந்தால் கூலியை இழக்க வேண்டும்.

போபால் பேரழிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோதும் இதே வரம்பு நீடித்தது. இடர் மிகுந்த செயல்முறைகள் உள்ள ஆலைகளில், விபத்தால் தம் உயிருக்கோ நலத்துக்கோ உடனடி ஆபத்து நேரலாம் என்று தொழிலாளர்கள் நியாயமாக அஞ்சினால், அதனை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையை 41எச் பிரிவு அளித்தது. பிரிவு ‘தம்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. போபாலில் இறந்தோரில் மிகப் பலர் ஆலைக்கு வெளியே, தத்தம் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தச் சொல்லின் குறுக்கம் புரியும்.

உலக அளவில் இக்கேள்வி 1981இல் ஓர் உடன்படிக்கையாக வடிவம் பெற்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 156ஆம் எண் உடன்படிக்கை, குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களைப் பற்றியது. அதனோடு ஏற்கப்பட்ட 165ஆம் எண் பரிந்துரை, சார்ந்திருக்கும் குழந்தையோ உடனடிக் குடும்பத்தில் பராமரிப்பு தேவைப்படும் ஒருவரோ நோயுறும்போது தொழிலாளி விடுப்புப் பெற இயல வேண்டும் என்கிறது. இந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. 2008இல் ஒன்றிய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வந்தது. 2018இல் தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. முதிய பெற்றோருக்காக அப்படி ஒரு விடுப்பு வரவில்லை. அரசுப் பணிக்கு வெளியே இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

இந்த நிலையில்தான் 2020 வந்தது. கோவிட் பெருந்தொற்று பழைய விதிகளின் திசையைத் தலைகீழாக்கியது. வேலைக்குப் போகும் வயதினரில் பலருக்கு நோய் மிதமாகவே வந்து போனது. அறிகுறியே இல்லாமலும் இருந்தது. உயிருக்கு ஆபத்து வீட்டிலிருந்த முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகச் சிகிச்சையில் இருந்தோருக்கும் மிகுதி. நோய் அலுவலகத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் பேருந்திலிருந்தும் வீட்டுக்குப் போனது. குவாரண்டைன் லீவை வகுத்தவர்கள் அஞ்சியதற்கு நேர் எதிரான பாதை அது.

அரசாணைகள் இதனைப் பாதி அறிந்திருந்தன. மார்ச் 20 அன்று ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம், தொழிலாளர்களை நீக்க வேண்டாம், கூலியைக் குறைக்க வேண்டாம், விடுப்பு எடுப்பவரைப் பணியில் இருப்பவராகவே கொள்ளுங்கள் என்று முதலாளிகளைக் கேட்டுக்கொண்டது. அது அறிவுரை மட்டுமே. மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ், பொதுமுடக்கக் காலத்துக்கு முழுக் கூலி வழங்க ஆணையிட்டது. அந்த ஆணை மே 18 முதல் நீங்கியது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகள்மீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வழியைக் காட்டியது.

ஏப்ரல் 15ஆம் நாள் வழிகாட்டுதலில் ஒரு வரி கவனத்துக்குரியது. 65 வயதுக்கு மேற்பட்டோரும், இணைநோய் உள்ளோரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரும் வீட்டிலிருந்து வேலை செய்ய ஊக்குவிக்கப்படலாம் என்றது அது. முதல் இரு வகையினர் தமக்கு உள்ள இடரால் அப்பட்டியலில் இடம்பெற்றவர்கள். மூன்றாமவர் ஓர் உறவின் பெயரால் இடம்பெற்றவர். அந்த உறவு பெற்றோர், சிறு குழந்தை என்பதோடு நின்றது. மே 1ஆம் நாள் ஆணை, முதியோரும் இணைநோயாளரும் கருவுற்ற பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றது. அவர்களோடு ஒரே அறையில் உறங்கி எழுந்து காலையில் வேலைக்குப் போகிறவரைப் பற்றி அது பேசவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒருவரைப் பூட்டி வைப்பதால் மட்டும் அவரைக் காக்க முடியாது.

இந்தப் பாதை முதன்முதலில் ஒரு வழக்காக எழுந்தது மருத்துவப் பணியாளர் விஷயத்தில். மே 15 அன்று சுகாதார அமைச்சகம் வெளியிட்ட அறிவுரை, கோவிட் பிரிவில் பணிமுடிக்கும் எல்லோருக்கும் கட்டாயத் தனிமை தேவையில்லை, மிகுந்த இடருக்கு ஆளானவருக்கு மட்டும் போதும் என்றது. அப்படியானால் மற்றவர்கள் நோயாளிகளிடமிருந்து நேரே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இதனை எதிர்த்து ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். குடும்பத்தாருக்கு நோயைக் கொண்டுபோகும் அச்சமே அந்த மனுவின் மையம். ஜூன் 17 அன்று நீதிமன்றம், மருத்துவப் பணியாளர்களுக்கு உரிய ஊதியத்தையும் தனித்துத் தங்கும் வசதியையும் உறுதிசெய்யும்படி ஒன்றிய அரசைப் பணித்தது. தனிமையில் இருந்த நாட்கள் விடுப்பாகக் கழிக்கப்படுவதாகப் பின்னர் முறையீடு எழுந்தபோது, அப்படிக் கொள்ள முடியாது என்று ஜூலை இறுதியில் சுட்டிக்காட்டியது. 1922இன் நெறி இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது, ஆனால் திசை மாறி: இம்முறை காக்கப்படுவது வீடு.

அந்தத் தீர்வு எத்தனை பேரை எட்டியது என்பது வேறு. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோய்க்கணக்கு எடுத்தனர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஊழியர்கள் அல்லர், தன்னார்வலர்கள். ஊழியர் என்ற நிலையே இல்லாதவருக்கு விடுப்பு என்ற கேள்வி எழுவதில்லை. 2020 ஏப்ரல் 22ஆம் நாள் அவசரச் சட்டத்தால் 1897ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுகாதாரப் பணியாளர்மீது நிகழும் வன்முறைக்குத் தண்டனை சேர்க்கப்பட்டது. கூட்டத்திடமிருந்து அவர்களைக் காக்க வேண்டும் என்று சட்டம் நினைத்தது நல்லதே. அவர்களிடமிருந்து அவர்கள் வீட்டாரைக் காக்க வேண்டியிருந்ததை அது நினைக்கவில்லை.

இரண்டாம் அலையின் உச்சம் கடந்த பிறகு, 2021 ஜூன் 7 அன்று ஒன்றிய அரசின் பணியாளர் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பெற்றோருக்கோ சார்ந்து வாழும் குடும்பத்தாருக்கோ கோவிட் உறுதியானால் ஊழியருக்கு 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. அதற்கு மேலும் அவர் மருத்துவமனையில் இருந்தால், வீடு திரும்பும்வரை கணக்கில் உள்ள வேறு விடுப்பை எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தாரின் நோயே ஊழியரின் விடுப்புக்குக் காரணமாக, தடையாணை எதுவும் இடையில் இல்லாமல், இங்கே ஏற்கப்பட்டது. வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார் என்பதே போதுமானதாயிற்று. இது சிறிய மாற்றம் அன்று.

ஆனாலும் இரண்டு எல்லைகள் அப்படியே நின்றன. ஒன்று, இது ஒன்றிய அரசு ஊழியருக்கான ஆணை. நாட்டின் உழைப்பாளரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் முறைசாராப் பணிகளில் இருக்கிறார்கள்; மதன்புரா நெசவாளரின் நிலையிலிருந்து அவர்கள் நிலை இவ்விஷயத்தில் அதிகம் நகரவில்லை. மற்றொன்று, விடுப்பு கிடைக்க நோய் முதலில் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். நோய் வந்தால் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர் சொல்லியிருக்கும் ஒருவரை, நோய் வராமல் காப்பதற்காக விலகி நிற்பதற்கு இடமில்லை. நோயாளியைப் பேண விடுப்பு உண்டு. ஒருவர் நோயாளி ஆகாமல் தடுக்க விடுப்பு இல்லை.

அடுத்த கொள்ளைநோய்க்கு முன் இதனைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வேண்டிய கூறுகள் நூறாண்டுப் பழைய அந்த விதியிலேயே கிடக்கின்றன: சுகாதார அலுவலரின் சான்று, வரையறுத்த நாட்கள், தடைபடாத ஊதியம், கணக்கில் கழியாத விடுப்பு. மாற்ற வேண்டியவை இரண்டே தொடர்கள். ‘வீட்டில் தொற்றுநோய் இருப்பதன் காரணமாக’ என்பதோடு ‘அல்லது தொற்றினால் உயிருக்கு இடர் நேரக்கூடிய ஒருவர் வீட்டில் இருப்பதன் காரணமாக’ என்று சேர்க்க வேண்டும். ‘அரசு ஊழியர்’ என்ற இடத்தில் ‘உழைப்பவர்’ என்று எழுத வேண்டும். இரண்டாவது திருத்தம்தான் கடினமானது. அதன் செலவை முதலாளி ஏற்பதா, காப்பீட்டு நிதி ஏற்பதா, அரசு ஏற்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவை எடுக்காத காலமெல்லாம் அச்செலவை ஏற்று வந்திருப்பவர்கள் யார் என்பதற்கு 1896இன் பம்பாய்த் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற கூலி நிலுவை ஒரு சான்று.